பெரும்பாலானோர் உடம்பில் இருக்கும் வைரஸ்... ஆப்பிரிக்கக் குழந்தைகளைப் புற்றுநோய் வரை கொண்டுபோவது ஏன்?

குழந்தையின் கன்னத்தில் ஒரு வீக்கம். கடைவாய்ப் பல் ஆடுகிறது. சொத்தைப் பல்லாக இருக்கும் என்று வீட்டில் நினைக்கிறார்கள். வலி பெரிதாக இல்லை, அதனால் அவசரமும் இல்லை. ஆனால் சில வாரங்களிலேயே தாடையின் உருவம் மாறிப்போகிறது. ஆப்பிரிக்காவின் வெப்ப மண்டல நாடுகளில் சின்னக் குழந்தைகளை அதிகம் தாக்கும் ‘பர்கிட் லிம்போமா’ என்ற புற்றுநோய் பல நேரங்களில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இந்த நோய்க்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கிறது. பெயர் எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமாக இ.பி.வி. உலகில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோரின் உடம்பில் இது இருக்கிறது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் உடம்பிலும் இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலானோருக்கு ஒன்றுமே செய்வதில்லை.

அப்படியென்றால் உகாண்டா, கென்யா, மலாவி போன்ற நாடுகளில் மட்டும் இது ஏன் குழந்தைகளின் உயிரோடு விளையாடுகிறது? பணக்கார நாடுகளில் 10 குழந்தைகளில் 9 பேர் பிழைக்கும் அதே நோயில், அங்கே பாதிப் பேரைக்கூடக் காப்பாற்ற முடியாமல் போவது ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

லிம்போமா என்றால் என்ன?

காய்ச்சல், சளி வந்தால் குழந்தைகளுக்குக் கழுத்திலோ காதுக்குக் கீழேயோ ‘நெறி கட்டியிருக்கு’ என்று சொல்வோம் இல்லையா? அந்த நெறிக்கட்டிதான் நிணநீர்க் கணு. கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் தங்கும் முகாம் அது. அந்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை ‘லிம்போசைட்’. அவற்றில் ஒன்று கட்டுப்பாடு இழந்து பெருகிக்கொண்டே போனால், அதுதான் லிம்போமா.

லிம்போமாவில் பல வகை உண்டு. அவற்றில் மிக வேகமாக வளரக்கூடியது பர்கிட் லிம்போமா. இதன் செல்கள் ஒன்று முதல் இரண்டு நாட்களுக்குள் இரட்டிப்பாகும். மனிதர்களுக்கு வரும் கட்டிகளிலேயே அதிவேகமாக வளர்பவற்றில் இதுவும் ஒன்று. திங்கட்கிழமை சின்னதாகத் தெரிந்த கட்டி, அடுத்த திங்கட்கிழமை வேறு அளவில் இருக்கும்.

1957, கம்பாலா... ஒரு டாக்டருக்கு வந்த சந்தேகம்

டெனிஸ் பர்கிட். அயர்லாந்தில் பிறந்த அறுவை சிகிச்சை மருத்துவர். சிறுவயதில் ஒரு விபத்தில் ஒரு கண் பார்வையை இழந்தவர். உகாண்டா தலைநகர் கம்பாலாவில் உள்ள முலாகோ மருத்துவமனையில் வேலை பார்த்துவந்தார்.

1957-ல் குழந்தைகள் பிரிவின் மருத்துவர் ஹியூ ட்ரோவெல் ஒரு சிறுவனைப் பார்க்கச் சொல்லி அவரை அழைத்தார். வயது ஐந்து. மேல் தாடை, கீழ்த் தாடை, இடது, வலது என நான்கு பக்கமும் வீக்கம். கிருமித் தொற்று என்றால் ஒரு பக்கம் வரும், ஒரே நேரத்தில் நான்கு பக்கமும் எப்படி வரும்? புற்றுநோய் என்றாலும் இப்படிப் பார்த்ததில்லை. பர்கிட்டுக்கு விடை கிடைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஜின்ஜா என்ற ஊரின் மருத்துவமனைக்குப் போயிருந்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபோது புல்தரையில் அம்மாவுடன் ஒரு குழந்தை. அதே மாதிரி வீங்கிய முகம். ஓடிப்போய் பரிசோதித்தார். அந்தக் குழந்தைக்கு வயிற்றிலும் கட்டிகள் இருந்தன.

இங்கேதான் பர்கிட்டுக்குப் பொறி தட்டியது. முலாகோவின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். தாடையில் கட்டி, வயிற்றில் கட்டி, சிறுநீரகத்தில் கட்டி என்று தனித்தனி நோய்களாக எழுதிவைக்கப்பட்டிருந்த பல குழந்தைகளுக்கு இருந்தது உண்மையில் ஒரே நோய். 1958-ல் பிரிட்டனின் அறுவை சிகிச்சை இதழில் கட்டுரை எழுதினார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

250 பவுண்டு கார்... 16,000 கிலோமீட்டர் பயணம்

இந்த நோய் எங்கெல்லாம் இருக்கிறது? இதுதான் பர்கிட்டின் அடுத்த கேள்வி. இன்றைய மாதிரி கணினியில் தேடிப் பார்க்க முடியாத காலம். நோயாளிகளின் படங்கள் போட்ட துண்டறிக்கைகளை அச்சடித்து ஆப்பிரிக்கா முழுக்க உள்ள மருத்துவமனைகளுக்குத் தபாலில் அனுப்பினார். ‘இப்படிக் குழந்தைகளைப் பார்த்திருக்கிறீர்களா?’ என்பதுதான் கேள்வி. வந்த பதில்களை வரைபடத்தில் குறித்தார். நிலநடுக்கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு பட்டை மாதிரி புள்ளிகள் விழுந்தன.

அந்தப் பட்டைக்குள்ளேயும் சில இடங்களில் நோய் இல்லை. ஏன்? நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தார். 1961 அக்டோபரில் டெட் வில்லியம்ஸ், கிளிஃப் நெல்சன் என்ற இரண்டு மருத்துவர்களுடன் 250 பவுண்டுக்கு வாங்கிய பழைய ஃபோர்டு காரில் கிளம்பினார். சுமார் 10 வாரம். 16,000 கிலோமீட்டர். உகாண்டாவில் தொடங்கி தென்னாப்பிரிக்கா வரை 50-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள். ஒவ்வொரு இடத்திலும் அதே படங்கள், அதே கேள்வி.

வரைபடம் சொன்ன ரகசியம்

பயணத்தில் கிடைத்த தகவல் விசித்திரமாக இருந்தது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சுமார் 5,000 அடி உயரத்துக்கு மேலே உள்ள ஊர்களில் இந்த நோய் கிட்டத்தட்ட இல்லை. தெற்கே போகப் போக அந்த எல்லைக் கோடு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. அங்கே தாழ்வான பகுதிகளில் மட்டும்தான் நோய்.

அப்போ விஷயம் உயரம் இல்லை. வேறென்ன? உகாண்டாவின் எண்டெபியில் இருந்த வைரஸ் ஆய்வு மையத்தின் அலெக்சாண்டர் ஹேடோ இதற்கு விடை சொன்னார். ஜிகா வைரஸை முதலில் கண்டறிந்த குழுவில் இருந்தவர் இவர். ‘உயரத்தைப் பார்க்காதீர்கள், வெப்பநிலையைப் பாருங்கள்’ என்பது அவருடைய கருத்து. குளிர்காலத்திலும் சுமார் 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாத, ஆண்டுக்கு 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற இடங்களில்தான் நோய் இருந்தது.

வெப்பமும் மழையும் சேர்ந்தால் என்ன வரும்? கொசு! அதனால் கொசு மூலம் பரவும் ஏதோ ஒரு வைரஸ்தான் காரணம் என்று விஞ்ஞானிகள் தேட ஆரம்பித்தார்கள். அந்த ஊகம் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி என்று தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆனது.

மூடுபனியால் திசை மாறிய விமானம்

1961 மார்ச்சில், அதாவது அந்தக் கார் பயணத்துக்கு முன்பே, லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பர்கிட் ஒரு உரை நிகழ்த்தினார். கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர் ஆன்டனி எப்ஸ்டீன். கோழிகளுக்கு வரும் புற்றுநோய் வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பர்கிட் பேசி முடிப்பதற்குள்ளேயே இதற்குப் பின்னால் வைரஸ் இருக்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. உகாண்டாவில் அகற்றப்படும் கட்டிகளின் துண்டுகளை விமானத்தில் லண்டனுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பர் 5. கம்பாலாவிலிருந்து மாதிரியைக் கொண்டுவந்த விமானம் மூடுபனி காரணமாக மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. தாமதமாக வந்து சேர்ந்த பாட்டிலில் திரவம் கலங்கிப்போயிருந்தது. பாக்டீரியா புகுந்து கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட வேண்டிய மாதிரி அது. எதற்கும் பார்ப்போம் என்று ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தார் எப்ஸ்டீன். பாக்டீரியா இல்லை! பயணக் குலுக்கலில் கட்டியிலிருந்து பிரிந்து, உயிரோடு மிதந்துகொண்டிருந்த புற்றுநோய் செல்கள்.

அதுவரை யாராலும் ஆய்வகத்தில் வளர்க்க முடியாத அந்தச் செல்களை, திரவத்தில் மிதக்கவிட்டு எப்ஸ்டீனும் இவான் பாரும் வளர்த்தார்கள். 1964 பிப்ரவரியில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது செல்லுக்குள் வைரஸ் தெரிந்தது. பெர்ட் அச்சாங்கும் சேர்ந்து மூவரும் எழுதிய கட்டுரை அதே ஆண்டு மார்ச்சில் ‘லான்செட்’ இதழில் வெளியானது. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வைரஸ் இதுதான். எப்ஸ்டீன் 2024 பிப்ரவரியில் 102 வயதில் காலமானார்.

இங்கேதான் ட்விஸ்ட்!

வைரஸ் கிடைத்துவிட்டது, கதை முடிந்தது என்று நினைக்கலாம். இல்லை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே தம்பதி இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் யார் ரத்தத்தில் எல்லாம் இருக்கிறது என்று சோதித்தார்கள். ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் மட்டும் இருக்கும் என்று பார்த்தால், அமெரிக்கர்களிடமும் இருந்தது. பெரியவர்களில் பெரும்பாலானோரிடம் இருந்தது!

அவர்களுடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு முன்பு ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் இல்லை. 1967-ல் அவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, நெறிக்கட்டி எல்லாம் வந்தது. குணமான பிறகு சோதித்தால் எதிர்ப்பொருள் இருக்கிறது. மேலை நாடுகளில் இளைஞர்களுக்கு வரும் ‘மோனோநியூக்ளியோசிஸ்’ காய்ச்சலுக்கும் இதே வைரஸ்தான் காரணம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இ.பி.வி பரவுவது முக்கியமாக எச்சில் மூலம். கொசு மூலம் அல்ல. ஒரே தட்டு, ஒரே டம்ளர், குழந்தைக்கு முத்தம் என்று சாதாரணமாகவே பரவிவிடும். நெருக்கமாக வாழும் ஏழைக் குடும்பங்களில் மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு வந்துவிடுகிறது. வசதியான நாடுகளில் பலருக்குப் பதின்ம வயதில்தான் வருகிறது. ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க உடம்பிலேயே தூங்கும்.

அப்போ கேள்வி திரும்பவும் முதலுக்கே வந்தது. எல்லாரிடமும் இருக்கும் வைரஸ், அந்தப் பட்டைக்குள் மட்டும் ஏன் இப்படி?

கூட்டாளி யார்? மலேரியா!

கொசு ஊகத்தில் சரியாக இருந்த பாதி இதுதான். வைரஸைக் கொசு பரப்பவில்லை. ஆனால் கொசு பரப்பும் வேறொன்று அந்த வைரஸுக்குத் துணைபோகிறது. அதுதான் மலேரியா.

லிம்போமா பட்டையையும், ஆண்டு முழுக்கக் கடுமையான மலேரியா இருக்கும் பகுதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்தின. ஆப்பிரிக்காவுக்கு வெளியே, பப்புவா நியூ கினியின் மலேரியா பகுதிகளிலும் இதே லிம்போமா அதிகம். மாறாக, வெப்பமும் மழையும் இருந்தும் மலேரியாவைக் கட்டுப்படுத்தியிருந்த சான்சிபார் தீவில் இது அரிதாக இருந்தது.

தான்சானியாவின் வடக்கு மாரா பகுதியில் 1977 முதல் 1982 வரை ஒரு சோதனை நடந்தது. குழந்தைகளுக்குத் தொடர்ந்து குளோரோகுயின் மாத்திரை கொடுக்கப்பட்டது. மலேரியா குறைந்தபோது லிம்போமாவும் குறைவாக இருந்தது. ஆனால் மாத்திரை கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பே லிம்போமா குறைய ஆரம்பித்திருந்தது. அதனால் இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியவில்லை.

இன்றைய நிலை என்ன? உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, இ.பி.வி-யை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணி என்று 1997-லேயே உறுதியாகப் பட்டியலிட்டது. மலேரியா கடுமையாக உள்ள பகுதிகளில், ஃபால்சிபேரம் வகை மலேரியாத் தொற்றை ‘அநேகமாகப் புற்றுநோய்க் காரணி’ என்ற பட்டியலில் பின்னர் சேர்த்தது.

செல்லுக்குள் என்னதான் நடக்கிறது?

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். நம் உடம்பில் எதிர்ப்பொருள் தயாரிப்பவை ‘பி செல்’ என்ற வெள்ளை அணுக்கள். இ.பி.வி போய்த் தங்குவதும் இதே பி செல்லில்தான்.

ஒரு கிருமி வந்தால் பி செல்கள் வேகமாகப் பெருகும். அந்தக் கிருமிக்குப் பொருத்தமான எதிர்ப்பொருளைத் தயாரிக்க, தங்கள் டி.என்.ஏ-வின் ஒரு பகுதியைத் தாங்களே வெட்டி ஒட்டி மாற்றிக்கொள்ளும். ஆபத்தான வேலைதான், ஆனால் அவசியமானது. மலேரியா திரும்பத் திரும்ப வரும் குழந்தையின் உடம்பில் இந்த வெட்டி ஒட்டும் வேலை ஓய்வே இல்லாமல் நடக்கிறது. நடக்க நடக்க, தப்பு நடக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

அப்படி நடக்கும் ஒரு தப்பு, 8-வது குரோமோசோமின் ஒரு துண்டு உடைந்து 14-வது குரோமோசோமில் போய் ஒட்டிக்கொள்வது. அந்தத் துண்டில் இருப்பது ‘மிக்’ என்ற மரபணு. செல் பெருக வேண்டும் என்று கட்டளையிடுவது இதன் வேலை. தேவைப்படும்போது மட்டும் எரிய வேண்டிய விளக்கை, ராத்திரி பகல் அணையாத லைனில் இணைத்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. செல் நிற்காமல் பெருகுகிறது.

சாதாரணமாக இப்படிப் பழுதான செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் இ.பி.வி அதைச் சாகவிடாமல் தடுக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். வைரஸ் தங்கிய செல்களைத் தேடி அழிக்க வேண்டிய ‘டி செல்’ படையோ, தொடர் மலேரியாவால் சோர்ந்துபோயிருக்கிறது.

ஆக, மலேரியா தப்பு நடக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. காவலையும் தளர்த்துகிறது. வைரஸ் அந்தத் தப்பைப் பிழைக்க வைக்கிறது. மூன்றும் ஒரே குழந்தையின் உடம்பில் ஒரே காலத்தில் சேரும்போதுதான் நோய். இரண்டு தொற்றும் உள்ள குழந்தைகளிலும் மிகப் பெரும்பான்மையோருக்கு இது வருவதே இல்லை.

42,000 குழந்தைகளின் ரத்தம் சொன்ன சாட்சி

கட்டி வந்த பிறகு ரத்தத்தில் வைரஸின் தடயம் இருந்தால், அது காரணமா விளைவா என்று எப்படிச் சொல்வது? இதற்காக உகாண்டாவின் வெஸ்ட் நைல் மாவட்டத்தில் 1970-களின் தொடக்கத்தில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கீ த தே என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் குழு, ஆரோக்கியமாக இருந்த சுமார் 42,000 குழந்தைகளின் ரத்த மாதிரியை முதலிலேயே எடுத்துப் பாதுகாத்தது. பிறகு யாருக்கு நோய் வருகிறது என்று காத்திருந்தது.

1978-ல் முடிவுகள் வெளியானபோது அவர்களில் 14 குழந்தைகளுக்குப் பர்கிட் லிம்போமா வந்திருந்தது. அவர்களின் பழைய மாதிரிகளைச் சோதித்தபோது, நோய் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே இ.பி.வி-க்கான எதிர்ப்பொருள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது தெரிந்தது. அப்படி அதிகமாக இருந்த குழந்தைகளுக்கு நோய் வரும் ஆபத்து சுமார் 30 மடங்கு. வைரஸ் வேடிக்கை பார்க்க வந்த விருந்தாளி அல்ல என்பதற்கு அது வலுவான சாட்சி.

ஒரே வைரஸ்... ஊருக்கு ஊர் வேற முகம்

வளரும் நாடுகள் எல்லாவற்றிலும் இந்தக் கதை ஒரே மாதிரி இல்லை. ஆப்பிரிக்கப் பட்டையில் வரும் பர்கிட் லிம்போமாவில் 95 சதவீதத்துக்கும் மேல் இ.பி.வி இருக்கும். கட்டி பெரும்பாலும் தாடையிலும் வயிற்றிலும் வரும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு அதிகம். ஐரோப்பா, அமெரிக்காவில் வரும் அதே பெயர் கொண்ட நோயில் வைரஸ் இருப்பது சிறுபான்மையினரிடம்தான். அங்கே கட்டி பெரும்பாலும் வயிற்றில் வரும், நோயும் அரிது.

மூன்றாவதாக, எச்.ஐ.வி தொற்றால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு வரும் வகையும் உண்டு. தெற்கு சீனாவில் இதே இ.பி.வி பெரியவர்களுக்கு மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் வரும் புற்றுநோயுடன் தொடர்புடையது.

இந்தியாவில்? இங்கே ஆப்பிரிக்கப் பாணியிலான பர்கிட் லிம்போமா பரவலாக இல்லை. ஆனால் ‘ஹாட்கின் லிம்போமா’ என்ற வேறு வகை கவனிக்க வேண்டியது. பணக்கார நாடுகளில் இது பெரும்பாலும் பதின்ம வயதினரையும் இளைஞர்களையும் தாக்கும். இந்தியா உள்ளிட்ட வளரும் நாடுகளில் 10 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளிடமும் கணிசமாகக் காணப்படுகிறது. அந்தக் குழந்தைகளின் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இ.பி.வி இருப்பதை இந்திய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. வைரஸ் சின்ன வயதிலேயே வந்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இதைக் குணப்படுத்த முடியுமா?

முடியும். பர்கிட் லிம்போமாவில் மனசுக்கு ஆறுதலான விஷயமும் இதுதான், வேதனையான விஷயமும் இதுதான். வேகமாகப் பிரியும் செல்களைத்தான் கீமோதெரபி மருந்துகள் குறிவைக்கும். இந்த நோயின் செல்கள் அதிவேகமாகப் பிரிவதால் மருந்துக்கும் அதே வேகத்தில் கரையும். 1960-களின் தொடக்கத்திலேயே, மிகக் குறைந்த அளவு மருந்து கொடுத்தும் சில குழந்தைகளின் கட்டிகள் முழுசாக மறைந்துபோனதைப் பர்கிட் பார்த்தார்.

1967-ல் கம்பாலாவில் லிம்போமா சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அதுதான் இன்றைய உகாண்டா புற்றுநோய் நிறுவனம். அமெரிக்க மருத்துவர் ஜான் ஸீக்லர் தலைமையில் அங்கே நடந்த ஆய்வுகள், புற்றுநோயை மருந்தால் குணப்படுத்த முடியும் என்று உலகத்துக்கே காட்டியவற்றில் அடங்கும். பர்கிட்டும் ஸீக்லரும் 1972-ல் லாஸ்கர் விருது பெற்றவர்களில் இருந்தார்கள். அதே சமயம் இடி அமீன் ஆட்சியில் நாடு கலங்கிப்போய் வெளிநாட்டு மருத்துவர்கள் வெளியேற, உகாண்டா மருத்துவர் சார்லஸ் ஓல்வெனி அந்த நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தார்.

பாடம் ஆப்பிரிக்காவில் கற்றுக்கொள்ளப்பட்டது. அதன் முழுப் பலன் போய்ச் சேர்ந்தது பணக்கார நாடுகளுக்கு. இன்று அங்கே சுமார் 90 சதவீதக் குழந்தைகள் குணமாகிறார்கள். சஹாராவுக்குத் தெற்கே உள்ள பல நாடுகளில் இது 30 முதல் 50 சதவீதம்தான்.

மருந்து இருக்கே... அப்புறம் ஏன் காப்பாற்ற முடியல?

முதல் எதிரி நாட்கள். பல்வலி என்று ஒரு வாரம், நாட்டு வைத்தியம் என்று இரண்டு வாரம், பக்கத்து ஊர் மருத்துவமனையில் ஆன்டிபயாட்டிக் என்று இன்னொரு வாரம். ஓரிரு நாளில் இரட்டிப்பாகும் கட்டிக்கு இந்த ஒரு மாதம் போதும். பெரிய மருத்துவமனைக்கு வந்து சேரும்போது நோய் மூளை, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவம் வரைக்கும் பரவியிருக்கலாம்.

இரண்டாவது, உறுதி செய்வது. கட்டியிலிருந்து துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல நோய்க்குறியியல் மருத்துவர் வேண்டும். பல நாடுகளில் அவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள்.

மூன்றாவது, பலரும் யோசிக்காத விஷயம். ‘பணக்கார நாட்டில் கொடுக்கும் அதே மருந்தை அங்கேயும் கொடுத்தால் என்ன?’ என்று கேட்கலாம். மருந்தை மட்டும் கொடுத்தால் போதாது. கட்டி திடீரென்று கரையும்போது அதிலிருந்து வெளியேறும் கழிவுகள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். அதைத் தடுக்க டிரிப்ஸ், அடிக்கடி ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் டயாலிசிஸ் வேண்டும். தீவிர கீமோதெரபி எதிர்ப்பு சக்தியை அடியோடு இறக்கிவிடும். அப்போது ரத்தம், நல்ல ஆன்டிபயாட்டிக், தனி அறை எல்லாம் வேண்டும். இவை இல்லாத இடத்தில் தீவிர சிகிச்சை கொடுத்தால், நோய்க்குப் பதில் சிகிச்சையே குழந்தையைக் கொன்றுவிடும். அதனால் மருத்துவர்கள் வேண்டுமென்றே மிதமான சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

நான்காவது, பாதியில் நிற்கும் சிகிச்சை. இரண்டு மூன்று ஊசியிலேயே வீக்கம் வடிந்துவிடும். பிள்ளை ஓடி ஆடும். ஊரில் மற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள், வயல் வேலை இருக்கிறது, பஸ் கூலிக்குக் கடன் வாங்கியாகிவிட்டது. ‘அதான் சரியாயிடுச்சே’ என்று அம்மா ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். உள்ளே மிச்சமிருந்த செல்கள் திரும்பப் பெருகும்போது மருந்து முன்பு போல வேலை செய்யாது.

தடுக்க வழி இருக்கிறதா?

இ.பி.வி-க்கு இதுவரை அனுமதி பெற்ற தடுப்பூசி எதுவும் இல்லை. மனிதர்களிடம் சோதனைகள் நடந்துவருகின்றன. ஆனால் கூட்டாளியான மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. ஆர்.டி.எஸ்.எஸ் தடுப்பூசியை 2021-லும், ஆர்-21 தடுப்பூசியை 2023-லும் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. ஆர்-21 தடுப்பூசியைத் தயாரிப்பது புனேவில் உள்ள சீரம் நிறுவனம். உகாண்டாவும் 2025-ல் இந்தத் தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது.

மலேரியாவே பெரிய எமன்தான். 2023-ல் மட்டும் உலகில் சுமார் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தார்கள், அவர்களில் 95 சதவீதம் பேர் ஆப்பிரிக்காவில். கொசுவலையும் தடுப்பூசியும் முதலில் அந்த உயிர்களைக் காக்கும். கூடவே லிம்போமாவும் குறையுமா என்பது இன்னும் சில ஆண்டுகளில் தெரியவரும்.

சிகிச்சைப் பக்கத்திலும் ஒரு இலக்கு இருக்கிறது. புற்றுநோய் வரும் குழந்தைகளில் குறைந்தது 60 சதவீதம் பேரையாவது 2030-க்குள் உலகம் முழுக்கக் காப்பாற்ற வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2018-ல் அறிவித்தது. அதற்காக முன்னுரிமை கொடுக்கத் தேர்ந்தெடுத்த ஆறு புற்றுநோய்களில் பர்கிட் லிம்போமாவும், ஹாட்கின் லிம்போமாவும் உண்டு. குணமாக்கக் கூடியவை என்பதுதான் அந்தத் தேர்வுக்குக் காரணம்.

பெற்றோர் எதைக் கவனிக்கணும்?

முதலில் ஒன்று: பயப்பட வேண்டாம். குழந்தைகளுக்கு வரும் நெறிக்கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணத் தொற்றால் வருபவை, தானாகவே சரியாகிவிடும். ‘இ.பி.வி இருக்கா?’ என்று ரத்தப் பரிசோதனைக்கு ஓடுவதிலும் அர்த்தம் இல்லை. பெரும்பாலானோருக்கு இருக்கும், அதை வைத்துப் புற்றுநோய் வருமா என்று சொல்ல முடியாது.

ஆனால் சிலவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. வலி இல்லாமல் கழுத்திலோ அக்குளிலோ வந்த கட்டி இரண்டு மூன்று வாரமாகியும் குறையாமல் பெரிதாகிக்கொண்டே போவது. காரணம் தெரியாத தொடர் காய்ச்சல், ராத்திரியில் உடம்பு நனையும் வியர்வை, எடை குறைவது. தாடை வீங்கிப் பற்கள் ஆடுவது. வயிறு வேகமாகப் பெருப்பது. இவற்றில் எது இருந்தாலும் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கழுத்துக் கட்டி என்றாலே முதலில் சந்தேகம் வருவது காசநோய் மேல். அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் பரிசோதனையில் உறுதி செய்யாமலே காசநோய் மாத்திரை கொடுத்து மாதக் கணக்கில் காத்திருந்து, கடைசியில் லிம்போமா என்று தெரியவருவது இந்தியாவில் நடக்கிறது. மாத்திரை சாப்பிட்டும் கட்டி குறையவில்லை என்றால், ‘சதைப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாமா டாக்டர்?’ என்று கேட்பதில் தப்பே இல்லை.

1957-ல் அந்த ஐந்து வயதுச் சிறுவனைப் பார்த்தபோது பர்கிட்டிடம் நோயின் பெயரும் இல்லை, மருந்தும் இல்லை. இன்று பெயர் இருக்கிறது, காரணம் ஓரளவு தெரிகிறது, மருந்தும் இருக்கிறது. உகாண்டாவின் ஒரு கிராமத்தில் கன்னம் வீங்கிய குழந்தைக்கு இன்னும் எட்டாமல் இருப்பது, அந்த மருந்து கிடைக்கும் மருத்துவமனைக்குச் சரியான வாரத்தில் போய்ச் சேரும் வழிதான்.